மகள் போகும் அலுவலகமும் நான் ஓடிய கருவேலங்காடும்

இங்கே அரசாங்க வண்டி தெருவில் வந்து நின்றால் யாரும் ஓடுவதில்லை. தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர் வெள்ளை வண்டியை நிறுத்திவிட்டு எனக்குக் கையசைக்கிறார். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து போட்டபடியே செடிக்குத் தண்ணீர் விடுகிறாள். அமெரிக்கா வந்து பதினாறு வருஷமாகியும், அந்த வண்டியைக் கண்டதும் என் கை தானாகப் போய் வாசலில் கிடக்கும் செருப்புகளை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறது.

ஏன் என்று ஆமத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்று, கல்யாணம் ஆகும்வரை ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வெளியே கழற்றிப் போட வேண்டும். அறைக்கு நான்கு பேர்தான் என்று சட்டம். தீபாவளி சீசனில் ஒன்பது பேர் இருப்போம். ஆபீசர் ஜீப் வருகிறது என்றால் ஐந்து பேர் பின்பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடுவோம். ஓடும்போது செருப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் செருப்பை எண்ணியே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாட்டிக்கொண்டால் சொல்வதற்கு ஒரு பதில் உண்டு: "ஒண்ணும் தெரியாதுய்யா, இன்னைக்குத்தான் வந்தேன்." ஒருமுறை முத்துலட்சுமி அக்கா மட்டும், அன்பாகக் கேட்ட ஆபீசரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அறைக்குச் சீல் வைத்தார்கள். அந்த சீசன் முடியும்வரை எங்களுக்கு வேலை இல்லை. தெருவே அவளோடு பேசவில்லை. அந்த ஆபீசர் திரும்பி வரவே இல்லை. (அக்காவின் பேரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

அப்படிப்பட்ட எனக்கு ஒரே மகள், செல்வி. மனோதத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். போன வருஷம் ஒருநாள் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்து, அரசாங்கத்தில் ஒரு பெல்லோஷிப்புக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னாள். சட்டம் தயாரிக்கிற அலுவலகத்தில் ஒரு வருஷம் இருக்க வேண்டும். இப்படிச் சட்டம் போட்டால் ஜனங்கள் மனசு எப்படிப் போகும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலையாம்.

"மனசைப் படிச்ச புள்ளைக்கு அங்கன என்னத்தா சோலி? யாரு என்ன நினைக்காகன்னு ஆள் காட்டுற வேலைதான?"

"ஐயோ அம்மா, நான் என்ன ஸ்பையா?"

"சும்மா எவனாவது சம்பளம் குடுத்து உக்கார வைப்பானா?"

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றினேன். அந்த வேலையில் அவள் சேர வேண்டும் என்றா, சேரக் கூடாது என்றா, அம்மனுக்கே வெளிச்சம்.

சேர்த்துக்கொள்ளுமுன் வீட்டுக்கு ஆள் வந்து விசாரிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெற்றியில் திருநீற்று ஈரம் காயாமல் கதவைத் திறந்தால், கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் நிற்கிறாள். நல்ல முகம். அந்த நல்ல முகம்தான் எனக்குப் பயம்.

"இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

என் கால் தானாகச் செல்வியின் ஷூவைக் கதவுக்குப் பின்னால் தள்ளியது. "நான் மட்டும்" என்றேன்.

"செல்வி இங்கேதானே வசிக்கிறார்?"

"தெரியாது. இன்றைக்குத்தான் வந்தாள்."

அவள் என் காலைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள், நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் செல்விக்குக் கடிதம் வந்தது. அவள் கொடுத்த முகவரி சரியில்லை, தகுந்த விளக்கம் தராவிட்டால் இடம் இல்லை. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதைச் சொன்னதும், அச்சகத்திலிருந்து கையெல்லாம் மையோடு வந்த என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆபீசரக் கண்டதும் உங்கம்மாவுக்குக் கருவேலங்காடு ஞாபகம் வந்துருச்சுத்தா. பின்வாசல் வழியா ஓடாம இருந்தாளே, அம்புட்டுக்குச் சந்தோசப்படு."

செல்வி சிரிக்கவில்லை. "எதுக்கும்மா பொய் சொன்ன?" என்று அழுதாள். அதுவரை அவளிடம் சொல்லாத செருப்புக் கதையையும் அக்கா கதையையும் அன்றுதான் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஆபீசர் சட்டத்தை மட்டும் பார்த்தாரும்மா. உண்மையைச் சொன்னவ கதி என்னாகும்னு அவருக்கு யாரும் சொல்லல. அதைச் சொல்லத்தான் நான் போறேன். இதை விளக்கமா எழுதிக் குடுக்கட்டா?"

"எழுது. அக்கா பேரை மட்டும் போட்றாத. கம்பெனி பேரும் வேண்டாம்."

அதே பெண் மறுபடி வந்தாள். இந்தமுறை மூன்று ஜோடிச் செருப்புகளையும் வாசலிலேயே விட்டுவைத்து, "மூன்று பேர்" என்றேன்.

செல்விக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் காலை அவளுக்குக் குங்குமம் வைத்துவிட்டேன். கழுத்தில் அரசாங்க முத்திரை போட்ட அதே மாதிரி அட்டை. நான் பெற்ற பிள்ளைதான், ஆனால் ஜீப்பிலிருந்து இறங்குகிறவர்களின் ஆளாகத் தெரிந்தாள். சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. இவளிடம் ஜனங்கள் சொல்வதை வைத்து யார் வீட்டு அடுப்பை அணைப்பார்களோ?

"யார்கிட்டயாவது கேள்வி கேட்டா, அதோட விட்றாத தாயி. திரும்பப் போய், சொன்னவ எப்படி இருக்கான்னு பாரு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

வாசலில் அவள் வீட்டில் போடும் செருப்பும் என்னுடையதும் கிடந்தன. தெருமுனையில் வெள்ளை வண்டி ஒன்று திரும்பியது. குனிந்தேன். அவளுடையதை அப்படியே விட்டுவிட்டு, என்னுடையதை மட்டும் எடுத்து உள்ளே வைத்தேன்.