பெண் பிரதிநிதி இருளப்பன்

இருளப்பன் பெண் தொழிலாளர் பிரதிநிதியானது ஒரு புதன்கிழமை காலை பத்தே கால் மணிக்கு. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. மேலுதட்டில் நரைத்த மீசை இருந்தது.

கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் அவர் ஆபீஸ் பியோன். இருபத்தாறு வருட சேவை. சிங்களத்தில் ஒருவிதமாகவும் தமிழில் ஒருவிதமாகவும் இங்கிலீஷில் ஒருவிதமாகவும் "சரி" சொல்லத் தெரிந்தவர். "இல்லை" என்பதை எந்த மொழியிலும் சொல்லிப் பழக்கமில்லை. தோட்ட மேனேஜரான பெரிய தொரையின் அறையில் எட்டு நாற்காலிகள் உண்டு. எல்லாவற்றையும் தினமும் துடைத்தவர் அவர்தான், ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.

கொழும்பு ஹெட் ஆபீஸிலிருந்து வந்த ஒரு கடிதம்தான் அவரை உட்கார வைத்தது. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் இனிமேல் தேயிலையோடு சமத்துவத்தையும் சேர்த்துக் கேட்கிறார்களாம். தோட்டத்துக்குத் தோட்டம் சமத்துவ, பன்முகத்தன்மைக் கமிட்டி வேண்டும். அதில் ஒரு பெண் தொழிலாளி கட்டாயம் இருக்க வேண்டும். தொரை, சின்ன தொரை, ஃபேக்டரி ஐயா, பெரிய கிளாக்கர், மலை வேலையைப் பார்க்கிற ஃபீல்ட் ஐயா, வெல்பெயார் ஆபீசர் ரெஜினோல்ட் என்று ஆறு ஆண்கள் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டார்கள். பெண்தான் கிடைக்கவில்லை.

கிடைக்காமல் என்ன, மலை நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஆனால் கூட்டம் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு வந்தால் அன்றைக்குரிய கொழுந்து சேராது. சேராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. அது போக, கொழுந்து நன்றாக வருகிற காலத்தில் ஒரு ஆளைக்கூட விட முடியாது என்று ஃபீல்ட் ஐயா கையை விரித்துவிட்டார்.

"அப்ப கமிட்டி எப்பிடி சேர் நடத்துறது?" என்று ரெஜினோல்ட் கேட்டுக்கொண்டிருந்தபோது இருளப்பன் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தார்.

"இருளப்பன்ட சம்சாரம் கொழுந்து எடுக்கிறதுதானே?" என்றார் பெரிய கிளாக்கர்.

ஆறு பேரும் இருளப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெரிய தொரை நாற்காலியைக் காட்டி, "இருளப்பன், வாடிவென்ன," என்று சிங்களத்தில் உட்காரச் சொன்னார்.

"நின்னுக்கிறேங்க தொரை."

"ஒக்காருய்யா, கமிட்டில நின்னுக்கிட்டு இருக்க முடியாது," என்றார் ரெஜினோல்ட்.

இருளப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தட்டு மடியில் இருந்தது. பெண் தொழிலாளர் பிரதிநிதி என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. பெண்கள் தரப்பில் குறை எதுவும் இல்லை என்று ரெஜினோல்ட் இங்கிலீஷில் எழுதி வைத்தார். பிரதிநிதி எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனார்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இரண்டாவது மாதம் இரத்தினபுரியில் ஒரு ஹோட்டலில் பெண் தலைமைத்துவப் பயிற்சி நடந்தது. அதற்கும் மலையிலிருந்து யாரையும் விட முடியவில்லை. இருளப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பயந்து பயந்து போனார். போய்ப் பார்த்தால், பதினான்கு தோட்டங்களின் பெண் பிரதிநிதிகளில் ஆறு பேருக்கு மீசை இருந்தது. ஒருவர் வாட்ச்சர், ஒருவர் லொறி டிரைவர். பயிற்சி கொடுத்த அம்மா கொஞ்சம் திகைத்தாலும், தயார் செய்து வந்ததை அப்படியே நடத்தினார். "கண்ணை மூடுங்க. உங்களுக்குள்ள இருக்கிற பெண்ணோட சக்திய உணருங்க," என்றார். இருளப்பன் மூடினார். காலையில் நாலு மணிக்கு எழுந்த களைப்பில் அப்படியே தூங்கிப்போனார். பக்கத்திலிருந்த டிரைவர்தான் சாப்பாட்டுக்கு எழுப்பினார்.

திரும்பும்போது எல்லோருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். அதுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. வீட்டில் மனைவி வெள்ளையம்மா பையைக் கவிழ்த்தாள். ஒரு பூப்போட்ட குடை, ஒரு கைக்கண்ணாடி, பெண்களுக்கான பேட் இரண்டு பாக்கெட், 'நான் ஒரு பெண் தலைவர்' என்று எழுதிய ஒரு சான்றிதழ்.

வெள்ளையம்மா அதை இரண்டு தடவை படித்தாள்.

"எப்ப இருந்துங்க?" என்றாள்.

"ரெண்டு மாசமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஒதுங்கி இருந்திருப்பேனே. ஒரு வீட்டுக்கு ரெண்டு பொம்பளை எதுக்கு?"

அடுத்த நாள் பீலியடியில் தண்ணீர் பிடித்த பெண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளையம்மாவோடு ஒரே மலையில் வேலை செய்யும் எஸ்தர் அவரைக் கண்டதும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "இருளப்பக்கா, கொழுந்துக்கு வரலியா?" என்று கேட்டாள். வரிசை வீடுகளாக இருந்த லயம் முழுக்கச் சிரித்தது. இருளப்பன் தபால் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். 

வெள்ளையம்மா ஒரு வாரம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி, ஆகிட்டீங்க. அப்ப எங்க கதைய போய்ச் சொல்லுங்க. ஏழாம் நம்பர் மலையில ஒரு கக்கூஸ் கிடையாது. செடி மறைவுல குந்தினா அட்டை ஏறுது. அந்தப் பக்கம் கங்காணி, இந்தப் பக்கம் மருந்தடிக்கிறவன். பொம்பளைங்க காலையில இருந்து தண்ணி குடிக்கிறதில்ல, தெரியுமா? தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுற ஆம்பளைங்க ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துடுறாங்க, நாங்க அஞ்சு மணி வரைக்கும். ரெண்டுக்கும் ஒரே பேர், ஒரே நாள் கூலிதானே? பின்னால நிக்கிற கங்காணி எல்லாம் ஆம்பளை. ஏன், எஸ்தருக்குக் கொழுந்து தெரியாதா?"

இருளப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெள்ளையம்மா தண்ணி குடிப்பதில்லை என்பது அவருக்கு அதுவரை தெரியாது. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்.

மூன்றாவது கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தார். "தொரை, ஒரு கக்கூஸ்..." என்றார்.

"பின்னால இருக்கு, போயிட்டு வா," என்றார் பெரிய தொரை.

இருளப்பன் எழுந்து போய், தேவையில்லாமலே போய்விட்டு வந்தார். அன்றைய குறிப்பில் பெண் பிரதிநிதி உற்சாகமாகக் கலந்துகொண்டார் என்று இருந்தது. வீட்டில் கேட்டபோது, "சொன்னேன். பாக்கலாம்னாங்க," என்றார்.

நாலாவது மாதம், தோட்டத்துக்குச் சமத்துவச் சான்றிதழ் கொடுக்கலாமா என்று பார்க்க, தேயிலை வாங்குகிறவர்கள் சார்பில் சோதனைக்கு ஆள் வருவதாகத் தந்தி போல ஒரு ஈமெயில் வந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா. கூடவே அவருக்கு உதவியாக மாவனல்லைக்காரியான ஸில்மியா. பெண் பிரதிநிதியை நேரில் சந்திக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ரெஜினோல்ட் அன்று மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. கமிட்டி ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, குறிப்புகளில் இருளப்பன் என்று வந்த இடத்திலெல்லாம் முன்னால் 'மிசிஸ்' என்று சேர்த்தார். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மிசிஸ் இருளப்பன் என்று ஒருத்தி உண்மையிலேயே இருந்தாள்.

சோதனை நாளில் வெள்ளையம்மாவை மலையிலிருந்து இறக்கினார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, ஈரக் காலோடு வந்தாள். வரும் வழியில் ரெஜினோல்ட் சொல்லிக்கொடுத்தார்: "நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லும்மா. மத்தத நான் இங்கிலீஷ்ல சொல்லிக்கிறேன்."

ஆனால் ஸில்மியா தமிழிலேயே ஆரம்பித்துவிட்டாள். "நீங்க தானா மிசிஸ் இருளப்பன்? ஒக்காருங்க. நாலு மாசமா கமிட்டில ஈக்கிறீங்களா?"

வெள்ளையம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ரெஜினோல்ட் இருமினார்.

"பேரு இருந்துச்சுங்க. ஆளு இன்னிக்குத்தான் வந்திருக்கேன்."

"வெளங்கல்லியே."

"என் வீட்டுக்காரரு பேருங்க அது. அவருதான் வந்தாரு. நாங்க சொன்னதெல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் வந்தாரு. கதவுகிட்ட வச்சிட்டு உள்ள வந்திருப்பாரு போல."

இருளப்பன் தட்டோடு கதவருகே நின்றிருந்தார். பெரிய தொரைக்குத் தமிழ் பாதிதான் புரியும். வெள்ளையம்மா பேசுகிற வேகத்தில் அந்தப் பாதியும் புரியவில்லை. அவர் முகம் முழுக்கச் சிரிப்போடு, வெள்ளைக்கார அம்மாவிடம் தங்கள் தோட்டத்துப் பெண்கள் எவ்வளவு சுதந்திரமாகப் பேசுகிறார்கள் பாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளையம்மா கக்கூஸிலிருந்து ஆரம்பித்தாள். அட்டை, தண்ணி, அஞ்சு மணி, கங்காணி என்று வரிசையாக வந்தாள். ஸில்மியா எழுதிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே வெள்ளைக்கார அம்மாவுக்கு இங்கிலீஷில் சொன்னாள். அந்த இங்கிலீஷ் பெரிய தொரைக்கு முழுசாகப் புரிந்தது. சிரிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது.

கடைசியில் ஸில்மியா கதவுப் பக்கம் திரும்பினாள். "நீங்களா இருளப்பன்?"

ரெஜினோல்ட் கண்ணால் என்னவோ சொன்னார். இருளப்பனுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கிக்கொள்ள விருப்பமில்லை.

"ஆமாங்கம்மா. நான்தாங்க. ட்ரெய்னிங்குக்கும் நான்தாங்க போனேன்," என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "இவ சொன்னதெல்லாம் நெசந்தாங்க. எனக்குத்தான் சொல்ல வாய் வரல," என்றார்.

தோட்டத்துக்குச் சமத்துவச் சான்றிதழ் உடனே கிடைக்கவில்லை. மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். பெண்களே தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கூட்டத்துக்குப் போகிற நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும், மலையில் கக்கூஸ் வேண்டும். பெரிய தொரை கோபத்தை இருளப்பன் மேல் காட்டினார். ஃபோனில் சொல்ல வேண்டிய ஒவ்வொரு விஷயத்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, மேட்டிலிருந்த ஃபேக்டரிக்கு அவரிடம் கொடுத்தனுப்பினார். மூன்று வாரம் ஏறி இறங்கியதில் இருளப்பனுக்கு முழங்கால் வீங்கியது. வெள்ளையம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். திட்டவில்லை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கையைத் தூக்கி வெள்ளையம்மாவையும் எஸ்தரையும் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கக்கூஸை வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று ஆபீஸ் ரோட்டோரம் கட்டப் பார்த்தார்கள். அங்கே யார் கொழுந்து எடுக்கிறார்கள் என்று எஸ்தர் கேட்டபிறகு அது ஏழாம் நம்பர் மலைக்குப் போனது. கதவு வைத்தார்கள், தாழ்ப்பாள் வர இன்னொரு மாதம் ஆனது. அஞ்சு மணி விஷயமும் பெண் கங்காணி விஷயமும் ஆராயப்படுகின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் ஆராயப்படுகின்றன.

வெள்ளையம்மா தன் சொந்தப் பெயரில் கலந்துகொண்ட முதல் கூட்டத்தில், சோதனை நாளன்று தனக்கு அரைப்பேர் போட்டதைத்தான் முதலில் எடுத்தாள். ஃபீல்ட் ஐயா ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது இருளப்பன் தட்டோடு வந்து, வரிசைப்படி தொரை, சின்ன தொரை என்று கொடுத்து, கடைசியில் அவள் முன்னால் ஒரு கோப்பையை வைத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, ஃபீல்ட் ஐயாவிடமிருந்து கண்ணை எடுக்காமலே, "சீனி பத்தலைங்க," என்றாள்.

இருளப்பன் சீனி எடுக்கப் போனார்.