லூசி பேசிய முதல் தமிழ்

சைகோனில் போர் முடிந்த வருஷம். புதுச்சேரியில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பள்ளி திறந்து கொஞ்ச நாள் கழித்து ஒருவர் மகளைக் கூட்டி வந்தார். அவர் புதுச்சேரித் தமிழர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, அப்புறம் சைகோனிலேயே தங்கிவிட்டவர். மனைவி வியட்நாம்காரர்.

"வீட்ல அம்மா பாஷயும் பிரெஞ்சுந்தான் மதாம். லூசிக்குத் தமிழ் வராது. ஆனா இனிமே இந்த ஊர்லதான பொழைக்கணும்?" என்றார்.

பிள்ளைகள் லூசிக்கு இடம் விட்டார்கள், பென்சில் கொடுத்தார்கள். அவள் வாயே திறக்கவில்லை. காலாண்டுப் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார்: "ஒண்ணாம் வகுப்புல கொண்டுபோய் உட்கார வைங்க. அங்கயாவது அ, ஆ கத்துக்கட்டும்."

பத்து வயசுப் பெண்ணைக் குழந்தைகள் நடுவில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. "திங்கட்கிழமை வரைக்கும் பாக்கலாம் மேடம்" என்று கெஞ்சினேன்.

மறுநாள் இடைவேளையில் லூசி வராந்தா ஓரமாகச் சாக்பீஸ் துண்டால் தரையில் கட்டம் போட்டாள். ஐந்தைந்தாக இரண்டு வரிசை, இரு முனையிலும் அரைவட்டம். கட்டங்களில் கூழாங்கற்களை வைத்தாள். வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண் செல்வராணி குனிந்து பார்த்துக் கத்தினாள்.

"டீச்சர்! இது நம்ம பல்லாங்குழி டீச்சர்!"

உடனே லூசிக்கு எதிரில் உட்கார்ந்து ஆடித் தோற்றாள். மறுநாளும் தோற்றாள். லூசி கல் போடும்போது முணுமுணுத்த "மோத், ஹாய், பா" சுற்றி நின்றவர்கள் வாயில் தொற்றிக்கொண்டது. கடல் கடந்த ஒரு நாட்டின் எண்களை எங்கள் வராந்தாவில் முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை வந்தார். ஆட்டம் மும்முரமாக நடந்தது. செல்வராணி ஒரு கல்லை நைசாக மடியில் தள்ளினாள். லூசி அவள் கையைப் பிடித்தாள்.

"ஏய்! ஏமாத்தாதடீ! கல்ல வெய்யி!"

வராந்தாவில் ஒரே கூச்சல். செல்வராணி மாட்டிக்கொண்டதை மறந்து, "டீச்சர், லூசி என்னத் திட்டிட்டா டீச்சர்!" என்று குதித்தாள். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுப் பிள்ளை வந்தால் 'அன்பா இருங்க' என்றுதான் அதுவரை வகுப்பில் சொல்லி வந்தேன். அன்பாகத்தான் இருந்தார்கள், விருந்தாளியிடம் இருப்பதுபோல. சரிசமமாகச் சண்டை போட ஒருத்தி கிடைத்ததும் லூசி எங்கள் வகுப்புப் பெண்ணாகிவிட்டாள். பிற்பாடு மலையாளம் பேசும் மாஹே, தெலுங்கு பேசும் ஏனாமிலிருந்து மாற்றலாகி வந்தவர்களின் பிள்ளைகள் என்னிடம் சேர்ந்தபோதெல்லாம், முதல் நாள் புத்தகத்தைத் திறக்கச் சொன்னதில்லை. "போய் வெளையாடுங்க" என்று வெளியே அனுப்பிவிடுவேன்.