துருவி அக்கா கேட்ட இரண்டாவது அட்டை

அந்த வக்கீல் அலுவலகத்தில் அவளுக்குத் துருவி அக்கா என்று பெயர். வீடு விற்க வருகிற ஆள் நிஜமாகவே அந்த வீட்டுக்காரர்தானா என்று பார்ப்பது அவள் வேலை. எப்பேர்ப்பட்ட கொம்பன் வந்தாலும் அவள் முன்னால் கண்ணாடியைக் கழற்றி முகத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். "நான் வீட்டுக்குப் போனா என்கிட்டயே அடையாள அட்டை கேப்பா" என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அட்டையோடு விட்டுவிட்டால் அவள் துருவியே இல்லை. போலி அட்டை அச்சடிக்கத்தான் ஆட்கள் இருக்கிறார்களே! அதனால் வீட்டைப் பற்றியும் ஒன்றிரண்டு கேள்வி போடுவாள். மழைக்கு எந்தக் கதவு இறுகும், எந்தக் குழாய் ஒழுகும்? வீட்டோடு மாரடித்தவர்களுக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அன்று வந்தவர் பளபளவென்று ஷூ போட்ட ஒரு தம்பி. துணைக்கு அவருடைய அக்கா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. அட்டை சரியாக இருந்தது, பத்திரத்தில் பெயரும் சரி. அப்பா அவர் பேருக்கு எழுதிவைத்த வீடு.

"வீட்ல இப்ப யாரு இருக்காங்க சார்?"

"யாருமில்ல. காலியாத்தான் கிடக்கு."

"எந்தக் குழாய் ஒழுகும்?"

தம்பி திருதிருவென்று விழித்தார். "நான் வெளியூர்ல இருக்கேம்மா. குழாயெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?"

"பாத்ரூம் குழாய்தான்" என்றாள் கூட வந்த அக்கா, வாய் தவறி. "நேத்துகூடத் துணியைச் சுத்தி வெச்சிட்டுத்தான் படுத்தேன்."

தம்பி அக்காவை முறைத்தார். துருவி பேனாவை மூடி வைத்தாள். எத்தனையோ எத்தர்களைப் பிடித்தவள் அவள். இவர் எத்தரில்லை, சொந்தக்காரரேதான். ஆனால் காலி என்று சொன்ன வீட்டில் ஒரு மனுஷி குடியிருக்கிறாள்.

"உங்க அட்டையையும் குடுங்கம்மா."

"என்னோடதா?" அக்கா பதறிப்போனாள். "நான் சும்மா துணைக்குத்தானே வந்தேன்? என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலையே!"

அட்டையில் அதே வீட்டு விலாசம். வீட்டில் குடியிருக்கும் வயதுவந்த ஒவ்வொருவரும் தனியாகச் சம்மதம் சொல்லாமல் அந்த அலுவலகத்தில் விற்பனை நகராது.

"அக்கா எனக்கு அம்மா மாதிரி. எங்க சொன்னாலும் கையெழுத்துப் போடுவாங்க" என்றார் தம்பி.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

"நான்தானே ஓனர்?"

"அதுல சந்தேகமே இல்ல. நீங்க நீங்கதான்."

கதவைச் சாத்திவிட்டு வந்து துருவி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "வித்துட்டா எங்க இருப்பீங்கம்மா?"

"தம்பி ஏதாவது பண்ணுவான்..."

"என்ன பண்றேன்னு சொன்னாரா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினாள். அப்பாவையும் அம்மாவையும் படுக்கையில் வைத்துப் பார்த்ததே அந்த வீட்டில்தான் என்றாள். தம்பி விடுமுறைக்கு வந்து போவாராம். அப்பா தம்பி பேருக்கு எழுதிவைத்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை, விற்கப்போவதாகச் சொன்னபோதும் திறக்கவில்லை.

துருவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே போய் அந்தத் தம்பியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் போல இருந்தது. ஆனால் யார் பக்கமும் சாய அவளுக்கு உரிமை கிடையாது. கேட்க வேண்டியதைக் கேட்பது ஒன்றுதான் அவளால் முடிந்தது.

"இந்த வீட்டை வித்துட்டு நீங்க வெளிய போறதுல உங்களுக்குச் சம்மதமா?"

அக்கா கதவைப் பார்த்தாள். வெளியே ஷூ சத்தம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது.

"இல்லன்னா கோவிச்சுக்குவானே."

"கோவிச்சுக்குவார்தான். அதுக்காக மாத்திச் சொல்லணும்னு இல்ல. உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

அக்கா கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "சம்மதமில்ல" என்று உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கலம்மா."

"சம்மதமில்ல!"

வெளியே ஷூ சத்தம் சட்டென்று நின்றது.