நூற்று முப்பதைத் தாண்டாமல்

"இப்பச் சொல்லுங்க, இது தெளிவா? சரி... இப்ப? இதுவா, முன்னாடி பாத்ததா?"

கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளக்கைத் தணித்துவிட்டு, எதிரே இருப்பவரின் மூக்கின்மேல் கனத்த ஃபிரேம் ஒன்றை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டபடி மேடம் காலையிலிருந்து கேட்பதெல்லாம் இதுதான். கடையில் எல்லோருக்கும் அவர் 'டெஸ்ட் மேடம்'. வருகிறவர்கள் திணறுவார்கள். "முன்னாடி பாத்தது... இல்ல, இதுவும் பரவால்ல" என்று இழுப்பார்கள். "பரீட்சையா எழுதுறீங்க? தோணுறதைச் சொல்லுங்க" என்று மேடம் ஓர் அதட்டல் போடுவார். பாதிப் பேருக்கு அந்த அதட்டலிலேயே பார்வை தெளிந்துவிடும்.

ஊரையே தேர்ந்தெடுக்க வைக்கிற இந்த மனுஷி, தன் மணிக்கட்டுக்கு ஒரு வாட்சைத் தேர்ந்தெடுக்க முடியாமல் மூன்று மாதமாகத் திண்டாடுகிறார் என்றால் யார் நம்புவார்கள்?

மணி பார்க்கிற வாட்ச் இல்லை, நெஞ்சுத் துடிப்பைச் சொல்கிற வாட்ச். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போயிருந்தார். அவர் எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. உக்காந்தே வேலை பாத்த உடம்பு, அதான். தினம் வேகமா நடங்க. துடிப்பு மட்டும் நூத்தி முப்பதைத் தாண்டாமப் பாத்துக்குங்க. சாதாரணமா ஒரு மானிட்டர் வாங்கிக் கட்டிக்குங்க, போதும்" என்றார்.

அந்தச் 'சாதாரணமா'தான் வினையாகிவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கியாயிற்று, சாதாரணமான ஒன்றைக் காணோம். ஒன்று தூக்கத்துக்கு மார்க் போடுகிறது. ஒன்று நாலடி நடந்தால் வாணவேடிக்கை காட்டிப் பாராட்டுகிறது. இன்னொன்று ஆழமாக மூச்சு விடு என்று புத்தி சொல்கிறது. "இது சொல்லாட்டி விட மாட்டேனாக்கும்!" என்று மேடம் அதைக் கழற்றி வைத்துவிட்டார். மார்பில் கட்டும் பட்டைதான் துல்லியம் என்றார் ஒரு கடைக்காரர். உள்பக்கத்தை ஈரப்படுத்தி நெஞ்சோடு இறுக்கிக் கட்ட வேண்டுமாம்.

"நம்பர் எங்க தெரியும்?"

"ஃபோன்ல தெரியும் மேடம்."

"நெஞ்சுல ஒண்ணு, கையில ஒண்ணா? நான் நடக்கப் போறேனா, ஆஸ்பத்திரியில படுக்கப் போறேனா?"

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். பாவம், சாப்பிட உட்கார்ந்தால் தினமும் அவருக்கு இதே பாட்டுதான். "கையில கட்டுறது கையை ஆட்டினா தப்பாக் காட்டுமாம். நெஞ்சுப்பட்டை சரியாக் காட்டுமாம், ஆனா உறுத்துமாம். புஜத்துல கட்டுறது வேற ஒண்ணு வந்திருக்காம். நீங்க என்ன சொல்றீங்க?"

"ஏதோ ஒண்ணை வாங்கித் தொலையேன்."

"ஏதோ ஒண்ணா? உயிர் விஷயங்க!"

உயிர் விஷயம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மேடத்தின் அக்கா ஜிம்மில் மெஷின்மேல் நடந்துகொண்டிருந்தவர். அப்படியே சரிந்து விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மேடத்துக்கு இந்த வருஷம் அதே ஐம்பத்திரண்டு. இருவருக்கும் ஒரே முகச்சாடை, ஒரே சர்க்கரை வியாதி. நடந்தால் அக்கா மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். நடக்காவிட்டால் இருக்கிற நெஞ்சும் கெட்டுப்போகுமோ என்று பயம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இத்தனை நாளில் மனுஷி நடைக்கென்று ஓரடி எடுத்து வைக்கவில்லை. யாராவது கேட்டால், "வாட்ச் வரட்டும், நடக்கறேன்" என்பார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரே கையோடு வாட்ச் கடைக்கு அழைத்துப் போனார். மேடம் இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றுமாகக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்று எண்பத்தெட்டு என்றது, மற்றது தொண்ணூறு என்றது. கழற்றிக் கை மாற்றிக் கட்டினார். முதலில் தொண்ணூறு சொன்னது இப்போது எண்பத்தெட்டு என்றது. இதென்னடா கூத்து என்று மறுபடி கழற்றினார். கடைப்பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

"ஏங்க, எதைத்தான் நம்புறது?"

வீட்டுக்காரர் யோசித்தார். "உன்கிட்ட டெஸ்டுக்கு வர்ற ஆளு, ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலைன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

"என்ன பண்றது? அதான் பவர்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்."

சொன்ன வாய் மூடுவதற்குள் மேடத்தின் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த இரண்டையும் கவுண்டர்மேல் வைத்தார். அப்புறம் மெதுவாக, "எனக்கு வாட்ச்ல குழப்பம் இல்லைங்க. வாங்கிட்டா நடக்கணுமே" என்றார். கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரர் அடுக்கை ஒரு நோட்டம் விட்டார். இருந்ததிலேயே சின்னது, மணியையும் துடிப்பையும் தவிர வேறெதுவும் பேசாதது ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதுக்குப் பில் போடும்மா" என்றார்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் பூங்காவுக்குப் போனார்கள். மேடம் வாட்சைப் பார்க்கவே மாட்டேன் என்று நேராகப் பார்த்தபடி நடந்தார். முதல் வளைவு வந்ததும் கையை மட்டும் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார். "எனக்குப் பாக்கப் பயமா இருக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார். "நூத்திப் பத்து. நல்லாத்தான் இருக்கு, நட."

அடுத்த வளைவிலும் அப்படியே தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "அதே நூத்திப் பத்துதான். நட."

கிளம்புகிற அவசரத்தில் மனுஷர் தன் கண்ணாடியை ஃபிரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அது இல்லாமல் பக்கத்தில் இருக்கிற ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. அந்தப் பவரை எழுதிக் கொடுத்ததே மேடம்தான்.

மேடம் திரும்பி, கண்ணாடி இல்லாத அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தார். கையை அவர் பிடியிலேயே விட்டுவிட்டு, எட்டி நடந்தார்.