சாமிக்கண்ணு கரை சேராத கதை

போன வாரம் மேற்குத் தாம்பரத்தில் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். மெஷினிலிருந்து வந்த தாள் கையில் சுட்டது. தூசியும் மையும் சேர்ந்து லேசாகக் கருகுகிற அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு மரணம் ஞாபகம் வந்துவிட்டது. பயப்படாதீர்கள், அது நடக்காமல் போன மரணம். நடக்கவிடாமல் செய்தவள் நான்தான்.

இருபத்திரண்டு வயதில் ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில் ஒரு டிடிபி சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே பிரின்டரிலிருந்து நாள் முழுக்க இதே வாசனைதான் வரும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, டியூஷன் நோட்டீஸ். நடுவில் மாதம் ஒரு பாக்கெட் நாவலும் வரும், பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே அந்த மாதிரி. அதில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை விசாலம் மேடத்தின் கதை. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். எழுதியதெல்லாம் மாயாஜாலம்.

அவருடைய நாட்டில் ஏரிகள் ஒரே இடத்தில் இருக்காது. யாராவது மனை போடக் கல் நட்டால் ஏரி கோபித்துக்கொண்டு எழுந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். அதைத் தேடிப் பிடித்துச் சமாதானம் பேசி அழைத்துவருபவர் ஓடக்காரர் சாமிக்கண்ணு. மற்றவர்கள் கதையில் மந்திரவாதிக்கு வாயில் நுழையாத பெயர் இருக்கும். இவர் கதையில் சூனியக்காரியின் பெயர் சரோஜா. எனக்கு அதனாலேயே பிடித்தது.

மேடம் எழுதியது மின்சார ரயிலில். வண்டி தாம்பரத்தில்தான் புறப்படும் என்பதால் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிடும், எழுத்து குண்டு குண்டாக இருக்கும். கிண்டி வந்ததும் கூட்டம் நெருக்க, எழுத்தும் நெருக்கிக்கொள்ளும். எந்தப் பத்தியை எந்த ஸ்டேஷனில் எழுதினார் என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பெருமை. சண்டைக் காட்சியெல்லாம் கிண்டிக்கு அப்புறம்தான்.

நாலாவது நாவலில் சிக்கல் வந்தது. பதினாறு பக்கம் ஒரு பாரம், ஆறு பாரத்துக்குள் புத்தகம் அடங்க வேண்டும். தொண்ணூற்றாறுக்கு மேல் ஒரு பக்கம்கூடக் கிடையாது. எழுத்தைச் சின்னதாக்கினேன், வரிகளை நெருக்கினேன், அப்படியும் நாலு பக்கம் மிஞ்சியது. மேடம் குன்றத்தூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார், மறுநாள் காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஓனர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னும் முடிலயா? எங்கனா நாலு பக்கம் வெட்டிப் போடு."

அங்கங்கே நாலு வரி எடுத்துக் குறைப்பதுதான் எங்கள் வழக்கம். நான் கடைசி அத்தியாயத்தை அப்படியே தூக்கிவிட்டேன். அதில் சாமிக்கண்ணு இறந்துபோகிறார். வேலை சுலபம் என்று செய்ததாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அந்த மனுஷர் சாவதை என் கையால் அச்சுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. புத்தகம் அவர் பனிமூட்டத்துக்குள் துடுப்பு போட்டுப் போவதோடு நின்றது.

புத்தகம் கடைக்கு வந்தது. மாடிப்படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் மேடம்தானோ என்று எட்டிப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்து மேடம் வந்தார். என் மேஜையில் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். இன்லேண்ட் லெட்டர்கள், போஸ்ட் கார்டுகள். சாமிக்கண்ணு கரை சேர்ந்தாரா, அடுத்த புத்தகம் எப்போது என்று எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. அதற்கு முன் மூன்று நாவலுக்கும் சேர்த்து அவருக்கு வந்தது இரண்டே கடிதம், அதில் ஒன்று அவர் தங்கை போட்டது.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விற்காத புத்தகக் கட்டெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்ததாம். இதுதான் கடைசி என்று முடிவெடுத்துத்தான் சாமிக்கண்ணுவைச் சாகடித்தாராம்.

"அவரோட நானும் முடிச்சுக்கலாம்னு இருந்தேன். நீ விடல. இப்ப இத்தனை பேருக்கு நான் என்ன பதில் எழுதறது, சொல்லு?"

பதிலாக எழுதியதுதான் ஐந்தாவது நாவல். அதற்குப் பிறகு இன்னும் ஆறு நாவல் வந்துவிட்டது. பாக்கெட் நாவல் நின்றபோது தொடராக எழுதினார், இப்போது செல்போனில் எழுதுகிறார். காலேஜ் பிள்ளைகள் சாமிக்கண்ணுவைப் படம் வரைந்து அனுப்புகிறார்கள். பன்னிரண்டாவது பாதியில் நிற்கிறது.

ஜெராக்ஸ் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பரணைக் குடைந்தேன். அந்த அத்தியாயத்தின் கையெழுத்துத் தாள்களைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தேன். மறுநாள் சேலையூரில் மேடம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஆனா இப்படி ஒண்ணு நடக்கவே இல்லையே."

திரும்பி வரும்போது ஸ்டேஷன் எதிரே கொஞ்சம் நின்றேன். டிடிபி சென்டர் இருந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். பெட்டிக்கடை இல்லை, கிளிப் இல்லை, இன்லேண்ட் லெட்டர் இல்லை, எங்கள் ஓனரும் இல்லை. மேடம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தாங்கல் ஏரியில் பாதிக்கு மேல் வீடுகள் வந்துவிட்டன. முதலில் போயிருக்க வேண்டியவர் சாமிக்கண்ணு. அவர் மட்டும் இன்னும் துடுப்பு போட்டுக்கொண்டிருக்கிறார்.