சம்பானில் எழுந்து நின்ற அப்பா

அணைக்கட்டில் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்ட படகுக்காரப் பையன், "ஆண்ட்டி, படகுல எழுந்து நிக்கக் கூடாது லா" என்றான். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், நான் சிறுமி; எங்களுக்கு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அப்பா என்னைச் சம்பான் என்ற சிறு துடுப்புப் படகில் ஏற்றி, பினாங்கு படகுத்துறைத் தூண்களையொட்டித் தூண்டில் போடுவார். "வெடுக்கெண்டு இழுக்காதை பிள்ளை, மீன்ரை வாய் கிழிஞ்சிடும். எழும்பியும் நிக்காதை."

ஒரு நாள் கூடை நிறைய மீன். திரும்பும்போது ஜப்பான் ராணுவப் படகு வந்தது. அவர்களைக் கண்டால் எழுந்து நின்று குனிந்து வணங்க வேண்டும், இல்லாவிட்டால் அறை விழும். அப்பா எழுந்து குனிந்தார். சம்பான் கவிழ்ந்தது, கூடையும் போயிற்று. ஒரு கையில் என்னைப் பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் மறுபடியும் தலை குனிந்தார். அந்தப் படகில் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

"யார் வந்தாலும் எழுந்திரிக்க மாட்டேன், தம்பி" என்றேன்.