மிச்சத்தைக் கேட்கிற மனோன்மணி

ஸ்பீக்கர் பெட்டியின் பலகையில் உள்ளங்கையை ஒட்டி வைத்து, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி நிற்கிறார் மனோன்மணி. புதுப்பாட்டு ஒன்று வந்துவிட்டால் தெல்லிப்பழை வீட்டு விறாந்தையில் இதுதான் காட்சி. உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் கை அசையாது.

"அடித்தாளம் முழுக்கச் சிங்களப் பைலா ஆட்டம். மேல்குரல் எங்கடை சேர்ச் கொயர். நடுவிலை வாற தவில் மாவிட்டபுரத்துத் திருவிழா," என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பார். பிறகுதான் அவருடைய கேள்வி வரும்: "உதெல்லாத்தையும் எடுத்திட்டால் மிச்சம் என்ன கிடக்கு?"

மிச்சம் இல்லாத பாட்டை அவர் கலியாண வீட்டில் போடமாட்டார்.

கணவர் துரைராஜாவும் அவரும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார்கள். மரத்தில் ஏறி வயர் கட்டுவது துரைராஜா. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்கு முன்னால் உட்காருவது மனோன்மணி. ஐம்பத்தைந்து வயது, பருத்த உடம்பு, கழுத்தில் சங்கிலிக்குப் பதில் ஹெட்போன். ஆட்களின் பெயர் மனோன்மணிக்கு நிற்பதில்லை. கொடிகாமம் சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால் ஒரு கணம் முழித்துவிட்டு, "ஓமோம், பொம்பிளை உள்ளுக்கு வரேக்கை கறண்ட் போன கலியாணம் எல்லே?" என்பார். வணக்கம் சொன்னவருடைய முகம் மலர்ந்துவிடும்.

இந்த வருடம் சாருஜாவின் 'புழுதிப் பெட்டை' வந்தது. அச்சுவேலியில் பிறந்து கனடாவில் பாடிப் புகழ்பெற்ற பெண். இசைத்தொகுப்பு வெளியான அன்றே இளசுகளின் போனெல்லாம் அவள்தான். பெரியவர்களோ முகத்தைச் சுளித்தார்கள். தலைப்புப் பாட்டு, எழுபதுகளில் மேடைகளை ஆடவைத்த பொப் பாடகர் செபநாயகத்தாரின் 'சந்தைக்குப் போன மச்சாள்' மாதிரியே இருக்கிறதாம். அவளும் அதை மறைக்கவில்லை. அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் என்று பேட்டியில் சொல்லியிருந்தாள். அதுவே சண்டைக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அச்சுவேலியில் கேதீஸ்வரனின் மகளுக்குக் கலியாணம். சாப்பாடு முடிகிற நேரம், மணப்பெண் ஆள் அனுப்பிக் கேட்டதால், மனோன்மணி 'புழுதிப் பெட்டை'யைப் போட்டார். நாலு வரி போகவில்லை. கேதீஸ்வரன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நிப்பாட்டுங்கோ அக்கா! உது களவெடுத்த பாட்டு. செபநாயகத்தார் உதிலை முன்னுக்கு இருக்கிறார். கூப்பிட்டு வைச்சு அவமானப்படுத்திறதோ?"

மனோன்மணி எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் பாயசக் கிண்ணத்தோடு மெலிந்த ஒரு கிழவர். மேடையில் மணப்பெண்ணின் முகம் வாடிப்போயிருந்தது. இந்தப் பாட்டில் மிச்சம் இருக்கிறது என்று அது வந்த அன்றே மனோன்மணி துரைராஜாவிடம் சொல்லியிருந்தார். தான் கேட்ட மிச்சம் பிழையாக இருந்தால், இத்தனை பேருக்கு முன்னால் அந்த மனிதரின் மனம் நோகும்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. ரெண்டையும் போடுறன். அவரே கேக்கட்டும்."

முதலில் பழையது. சபை கைதட்டித் தாளம் போட்டது. உடனே புதியது. அதே துள்ளல், அதே அடி. கேதீஸ்வரன் "கேட்டியளே, கேட்டியளே" என்று எல்லோரையும் பார்த்தார். செபநாயகத்தார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பாட்டு முடிந்ததும் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, திருப்பிப் போடு."

இரண்டாம் தரம் அவர் மிக்சருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். வரியின் முடிவு வந்தபோது மனோன்மணியின் தோளைத் தட்டினார்.

"உந்த இடம்! உந்த இடத்திலை நான் மேலை போனன். இளந்தாரி வயசு, மேலை போய்க் கத்தினால்தான் சனம் பாக்கும் எண்டு நினைப்பு. உவள் கீழை இறங்கிறாள். ரகசியம் கதைக்கிற மாதிரி. எனக்கு ஏன் உது தோன்றேல்லை?"

மனோன்மணிக்குக் கண் விரிந்தது. "நானும் உதைத்தான் அண்ணை சொன்னனான். உதுதான் அவளின்ரை மிச்சம்."

"களவில்லையோ?" என்றார் கேதீஸ்வரன், குரல் இறங்கி.

"களவெடுத்தவள் எண்டால் நான் போன மாதிரியே எல்லோ போயிருப்பாள்?" கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த மைக்கைத் தா பிள்ளை. அவள் கீழை போகட்டும், நான் மேலை போறன்."

பாட்டு மூன்றாம் தரம் ஓடியது. சாருஜா இறங்கிய இடத்தில் செபநாயகத்தார் ஏறினார். இரண்டு குரலும் பிரிந்து போய், அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டன. மணப்பெண் கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். மாப்பிள்ளை பின்னால் வந்தார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் அகப்பையோடு ஆடினார்கள். கேதீஸ்வரன் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று இடுப்பை மட்டும் அசைத்துப் பார்த்தார். மகள் கையைப் பிடித்து இழுத்ததும் வெளியே வந்துவிட்டார்.

கடைசிச் சரணத்தில் கிழவருக்கு மூச்சு வாங்கியது. குரல் இழைபோல மெலிந்தது. வாசலில் நின்ற துரைராஜா, சத்தம் காணாது, கூட்டு கூட்டு என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார். மனோன்மணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாருஜாவின் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து, கிழவரின் தொண்டைக்கு எட்டுகிற உயரத்தில் கொண்டுவந்து வைத்தார்.